சாட்சி உயிர் தப்பியதால் தெரியவந்த ஒரு தியாகம்

'காணாமற்போனார்' என்ற சொல் இலங்கைத் தமிழர்களுக்குப் புதியதல்ல. எமது காலத்தில் அச்சொல்லுக்கு ஏற்பட்டுவிட்ட கனதியை நான் விளக்க வேண்டியதில்லை. இறந்தவரும் அல்லர், உயிருடன் இருப்பவரும் அல்லர் என்ற நிலையில் ஒரு மனிதரை நிறுத்தி வைப்பதற்கு அரசுகள் பயன்படுத்தும் சொல் அது. இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் பிரித்தானியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பல்லாயிரக்கணக்கான வீடுகளின் கதவுகளைத் தட்டிய தந்திகளில் இருந்ததும் அதே சொல்தான். முதல் நாளிரவு புறப்பட்டுச் சென்ற குண்டுவீச்சு விமானம் தளத்திற்குத் திரும்பவில்லை, உங்கள் மகன் காணாமற்போயிருக்கிறார் என்பதற்கு மேலாக அந்தத் தந்தியில் எதுவும் இருப்பதில்லை. இருக்கவும் முடியாது. ஏனென்றால், வானத்தில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் அந்த விமானத்தில் சென்றவர்கள் மாத்திரமே. அவர்களில் எவரும் திரும்பி வரவில்லை.

பிரித்தானிய விமானப்படையின் குண்டுவீச்சுக் கட்டளைப் பிரிவில் அந்த யுத்தத்தின்போது பறந்தவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர். அவர்களில் 55,573 பேர் மாண்டனர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் என்ற கணக்கு அது. அவர்களில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கனேடிய விமானப்படையைச் சேர்ந்தவர்கள். இத்தனை ஆயிரம் பேரினது மரணங்களும் பெரும்பாலும் இரவிலேயே, பல ஆயிரம் அடி உயரத்திலே, சாட்சிகள் எவருமின்றி நிகழ்ந்தவை.

செய்தித் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், நிகழ்ந்ததொன்று எவ்வாறு வரலாறாகின்றது என்ற கேள்வி என்னை எப்போதும் விடாது பின்தொடர்ந்து வந்திருக்கின்றது. நிகழ்வது வேறு, நிகழ்ந்ததாகப் பதிவு செய்யப்படுவது வேறு. இரண்டுக்கும் இடையில் ஒரு சாட்சி தேவைப்படுகிறார். அந்தச் சாட்சி உயிர் தப்பியாக வேண்டும். உயிர் தப்பினாலும் பேசியாக வேண்டும். அவர் பேசுவதைக் கேட்பதற்கும் எவரேனும் இருக்க வேண்டும். இந்த நான்கும் ஒருங்கே அமைந்த அபூர்வமான கதையொன்று இருக்கின்றது. கனடாவில் வாழும் எமது வாசகர்களில் சிலர் அதனை ஏற்கெனவே அறிந்திருக்கக்கூடும். அது அன்ட்ரூ மைனார்ஸ்கி என்ற இளைஞனின் கதை.

அன்ட்ரூ சார்ள்ஸ் மைனார்ஸ்கி 1916 ஒக்டோபர் 14 ஆம் திகதி கனடாவின் மனிற்றோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிபெக்கில் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். அந்நகரின் வடபகுதி அக்காலத்தில் போலந்து, உக்ரேனிய, யூதக் குடியேற்றவாசிகளின் உழைப்பாளர் குடியிருப்பாக விளங்கியது. மைனார்ஸ்கியின் பதின்பருவத்திலேயே தந்தை காலமானார். குடும்பத்தைத் தாங்க வேண்டிய பொறுப்பு வந்து சேர்ந்தது. மென்தோல் வெட்டும் தொழிலாளியாக அவர் வேலைக்குச் சென்றார். வந்தேறிய நாட்டில், தாயின் சுமையைப் பகிர்ந்துகொள்ளப் படிப்பு முடிந்ததும் தொழிற்சாலைக்குச் சென்ற பிள்ளைகளை எமது புலம்பெயர் சமூகமும் நன்கறியும்.

1941 ஆம் ஆண்டில் அவர் கனேடிய விமானப்படையில் சேர்ந்தார். விமானத்தின் துப்பாக்கி வீரராகப் பயிற்சி பெற்று இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், 1944 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் 419 ஆவது படையணியில் இணைந்தார். 'மூஸ்' படையணி என்பது அதன் பெயர். மூஸ் என்பது கனடாவின் காடுகளில் வாழும் பெரிய மான் இனம். அப்படையணியின் முதற் தளபதியான ஜோன் ஃபுல்ற்றனின் பட்டப்பெயரும் அதுவேயாகும். அவரும் 1942 ஜூலையில் ஒரு தாக்குதலுக்குச் சென்று திரும்பாதவர். படையணியின் தளம் இங்கிலாந்தின் வடகிழக்கே, டர்ஹாம் பிரதேசத்தில் மிடில்ற்றன் சென் ஜோர்ஜ் என்ற கிராமத்தில் அமைந்திருந்தது.

அவர்கள் பறந்தது லங்காஸ்டர் என்ற நான்கு இயந்திரங்கள் கொண்ட கனரகக் குண்டுவீச்சு விமானத்தில். அதில் எழுவர் பயணம் செய்வர். விமானி, பொறியியலாளர், வழிகாட்டி, குண்டு எறிபவர், வானொலித் தொடர்பாளர் ஆகிய ஐவரும் முன்பகுதியில் இருப்பர். விமானத்தின் முதுகின்மேல் கண்ணாடிக் கூண்டொன்றில் ஒரு துப்பாக்கி வீரர். வாலின் நுனியில் இன்னொரு கூண்டில் மற்றொருவர். வாலிலிருப்பவர்தான் எல்லோரிலும் தனிமையானவர். அவருடைய கூண்டுக்குள் பரசூட் வைப்பதற்கும் இடமில்லை. அது கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உட்பகுதியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆபத்து வந்தால் கூண்டின் கதவைத் திறந்து, கையை நீட்டி அதை எடுத்து மாட்டி, பின்னர் கூண்டைச் சுழற்றி வெளியே குதிக்க வேண்டும்.

மைனார்ஸ்கி முதுகுக் கூண்டின் துப்பாக்கி வீரர். வாலில் இருந்தவர் பற் புறொபி என்ற அதிகாரி. இருவருக்கும் இடையில் நெருங்கிய நட்பு மலர்ந்திருந்தது. ஆனால், புறொபி அதிகாரி. மைனார்ஸ்கியோ அதிகாரித் தரத்துக்குக் கீழ்ப்பட்டவர். ஒரே விமானத்தில் ஒன்றாக மரணத்தை எதிர்நோக்கியவர்கள், தரையில் வெவ்வேறு உணவு மண்டபங்களில் சாப்பிட்டு, வெவ்வேறு இடங்களில் உறங்கினர். இராணுவ ஒழுங்கு அப்படி. அதனால், இரவில் பிரிந்து செல்லும்போது மைனார்ஸ்கி வேடிக்கையாக விறைத்து நின்று சல்யூட் அடித்து, 'குட் நைட், சேர்' என்று கூறுவது அவர்களுக்குள் வழக்கமாயிருந்தது. நண்பர்களுக்கிடையிலான ஒரு சிறு பகிடி அது.

1944 ஜூன் 6 ஆம் திகதி நேச நாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கின. ஜேர்மனியப் படைகளுக்கு ஆட்களும் ஆயுதங்களும் வந்து சேராமல் தடுப்பதற்காக வட பிரான்சின் ரயில் பாதைகளும் சந்திகளும் இரவுக்கு இரவு தாக்கப்பட்டன. ஜூன் 12 ஆம் திகதி இரவு 600 க்கும் மேற்பட்ட விமானங்கள் பிரான்சின் போக்குவரத்து இலக்குகளுக்கு அனுப்பப்பட்டன. 419 ஆவது படையணிக்குக் கொடுக்கப்பட்டது கம்ப்றே நகரின் ரயில் நிலையப் பகுதி. விமானி ஆர்ட் டி பிறெயின் செலுத்திய கே.பி. 726 என்ற லங்காஸ்டரில் சென்ற குழுவினருக்கு அது பதின்மூன்றாவது பயணம். இலக்கை அடையும்போது ஜூன் 13 ஆம் திகதி பிறந்திருக்கும். பதின்மூன்று என்ற எண்ணைப் பற்றி அவர்களிடையே பேச்சு எழாமல் இருந்திருக்க முடியாது. புறப்படுவதற்கு முன்னர் புல்தரையில் அமர்ந்திருந்த வேளையில் மைனார்ஸ்கி நான்கு இலைகள் கொண்ட குளோவர்ச் செடியொன்றைக் கண்டெடுத்து, 'இதை நீ வைத்துக்கொள்' என்று புறொபியிடம் கொடுத்தார். அத்தகைய செடி அதிர்ஷ்டம் தரும் என்பது மேலைத்தேயத்தவர்களின் நம்பிக்கை.

பிரான்சுக்கு மேலாக, இலக்கை அடைவதற்கு முன்னரே, ஜூ-88 என்ற ஜேர்மனிய இரவுப் போர் விமானம் அவர்களைப் பின்புறமிருந்து தாக்கியது. இடப்பக்கத்து இரண்டு இயந்திரங்களும் செயலிழந்தன. இறக்கை தீப்பற்றியது. விமானத்தின் உடற்பகுதியில், இரண்டு துப்பாக்கிக் கூண்டுகளுக்கும் இடையிலும் தீ மூண்டது. எல்லோரும் குதிக்குமாறு விமானி உத்தரவிட்டார். முன்பகுதியில் இருந்தவர்கள் முன்வாசல் வழியாகக் குதித்தனர். விமானத்தை இயன்றவரை நேராகப் பிடித்துவைத்திருந்த டி பிறெயின், தமது கடமை முடிந்தது என்று கருதிய பின்னர், மிகத் தாழ்வான உயரத்தில் கடைசியாகக் குதித்தார். பின்பகுதியில் என்ன நடக்கின்றது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

பின்பகுதியில் நடந்தது இதுதான். புறொபியின் கூண்டைச் சுழற்றுவதற்கு வேண்டிய எண்ணெய் அமுக்கக் குழாய்கள் அறுந்துவிட்டன. கையால் சுழற்றும் பிடியை முயன்றபோது அது முறிந்துவிட்டது. கூண்டு பாதியில் இறுகி நின்றது. உள்ளே வரவும் முடியாது, வெளியே குதிக்கவும் முடியாது. மைனார்ஸ்கி தமது கூண்டிலிருந்து இறங்கி, குதிக்க வேண்டிய பின்கதவுக்கு அருகில் வந்துவிட்டார். அவருக்கு வழி திறந்திருந்தது. அந்தக் கணத்தில்தான் அவர் திரும்பிப் பார்த்து, நண்பன் சிக்கியிருப்பதைக் கண்டார்.

கதவை விட்டுவிட்டு அவர் தீக்குள் புகுந்தார். முழங்காலிலும் கைகளிலும் தவழ்ந்து வால் வரை சென்றார். அவருடைய உடையும் பரசூட்டும் எண்ணெயில் நனைந்து தீப்பற்றின. தீயணைப்புக் கோடரியால் கூண்டின் கதவை நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. கோடரியை எறிந்துவிட்டு வெறுங்கைகளால் பிய்க்க முயன்றார். இடுப்புவரை எரிந்துகொண்டிருந்தார். 'போய்விடு, உன்னால் முடியாது' என்று புறொபி சைகை காட்டினார். மீண்டும் மீண்டும் காட்டினார். இறுதியில் மைனார்ஸ்கி பின்வாங்கினார். திரும்புவதற்கு இடமில்லாததால், நண்பனைப் பார்த்தபடியே பின்னோக்கித் தவழ்ந்து, தீயைத் தாண்டிக் கதவை அடைந்தார். அங்கே எழுந்து நின்றார். எரிந்துகொண்டிருந்த உடையுடன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். உதடுகள் அசைந்தன. இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ஆனால், என்ன சொன்னார் என்பது புறொபிக்குத் தெரிந்திருந்தது. 'குட் நைட், சேர்.'

பின்னர் குதித்தார். எரிந்துகொண்டே தரையிறங்கிய அவரைப் பிரெஞ்சு மக்கள் கண்டெடுத்தனர். ஆனால், தீக்காயங்கள் மிகக் கடுமையானவை. அவர் பிழைக்கவில்லை. வயது 27. அமியான் நகருக்குக் கிழக்கேயுள்ள மெஹாரிகூர் என்ற கிராமத்துப் பொது மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். இன்றும் அவருடைய கல்லறை அங்கேயே இருக்கின்றது.

இதுவரை நான் எழுதியவற்றில் கடைசிப் பகுதி எவருக்குமே தெரியாமல் போயிருக்க வேண்டியது. கண்டவர் ஒருவரே. அவரோ வீழ்ந்துகொண்டிருந்த விமானத்தின் வாலில், குண்டுகள் இன்னமும் வயிற்றில் இருக்க, வெளியேற வழியின்றி அடைபட்டிருந்தவர். அவர் பிழைப்பதற்கு நியாயம் எதுவுமில்லை. ஆனால், விமானம் தரையை நெருங்கியபோது மரமொன்றில் மோதியது. அந்த மோதலில் வால் கூண்டு பிய்ந்து, புறொபி வெளியே வீசப்பட்டார். விமானம் வெடித்தது. அவருக்குப் பாரதூரமான காயங்கள் எதுவுமில்லை. மைனார்ஸ்கியால் திறக்க முடியாத கதவைத் தரை திறந்துவிட்டது.

உயிர் தப்பிய அறுவரில் இருவர் ஜேர்மனியரிடம் சிறைப்பட்டனர். புறொபி உட்பட நால்வர் பிரெஞ்சு மக்களாலும் எதிர்ப்பியக்கத்தினராலும் மறைத்துவைக்கப்பட்டனர். பிடிபட்டால் அந்தக் குடும்பங்களுக்கு மரணமே தண்டனை என்பதை அறிந்துகொண்டே அவர்கள் அதைச் செய்தனர். 1944 செப்டெம்பரில் புறொபி இலண்டன் திரும்பினார். நண்பன் இறந்துவிட்டான் என்பது அவருக்குத் தெரியவந்தது. தாம் கண்டதை 1945 ஆம் ஆண்டில் விமானி டி பிறெயினிடம் அவர் விவரித்தார். தமது விமானத்தின் பின்பகுதியில் நடந்ததை விமானி முழுமையாக அறிந்துகொண்டது அப்போதுதான். அவருடைய முயற்சியின் பேரில் விபரம் மேலிடத்துக்குச் சென்றது. 1946 ஒக்டோபர் 11 ஆம் திகதி, பிரித்தானிய சாம்ராச்சியத்தின் அதியுயர் வீர விருதான விக்டோரியா சிலுவை மைனார்ஸ்கிக்கு அறிவிக்கப்பட்டது. மரணத்திற்கும் விருதுக்கும் இடையில் இரண்டு வருடங்களுக்கு மேல் கடந்திருந்தன.

இங்கே நான் சற்றுத் தரித்து நின்று, இலங்கையிலேயே நடந்த இன்னொரு சம்பவத்தை வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றேன். 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி, கொக்கலையைத் தளமாகக் கொண்டிருந்த கனேடிய 413 ஆவது படையணியைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் என்பவர் தமது கற்றலினா விமானத்திலிருந்து ஜப்பானிய கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு எச்சரித்தார் என்பது பலரும் அறிந்த கதை. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அதே தினத்தில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஆனால், அதே நாளில் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைக்கப்பட்டிருந்த ஓடுபாதையிலிருந்து புறப்பட்ட பிளெனிம் ரகக் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிரித்தானிய விமானப்படையின் 11 ஆவது படையணியைச் சேர்ந்த ஒன்பது விமானங்கள் பாதுகாப்புக்குப் போர் விமானம் எதுவுமின்றிச் சென்று, பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியழித்த அதே ஜப்பானியக் கப்பற்படையின் மீது குண்டு வீசின. குண்டுகள் எந்தக் கப்பலையும் தாக்கவில்லை. கப்பல்களின் அருகில் கடலில் வீழ்ந்தன. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் மூவர். இந்து சமுத்திரத்திலே அவர்களுடைய கடைசி நிமிடங்கள் எப்படிக் கழிந்தன? எவர் எவருக்காகத் திரும்பிச் சென்றார்? எவர் எவருக்குக் கை காட்டினார்? ஒரு மைனார்ஸ்கி அங்கேயும் இருந்திருக்கலாம். ஆனால், அங்கே ஒரு புறொபி பிழைக்கவில்லை. இப்பிராந்தியத்தில் கல்லறையின்றி மறைந்த பொதுநலவாய விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவாலயத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவின் வானில் மறைந்து கல்லறையில்லாதவர்களுக்கு இலண்டனுக்கு அருகே ரன்னிமீட் என்ற இடத்தில் 1953 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட நினைவாலயம் உண்டு. அங்கே மட்டும் இருபதாயிரத்துக்கும் அதிகமான பெயர்கள். அப்பெயர்களுக்குப் பின்னால் இருந்த கதைகள் பெரும்பாலும் பெயர்களோடு நின்றுவிட்டன.

குண்டுவீச்சு விமானத்தில் சென்ற ஒருவரைப் போற்றி எழுதுவது எமக்கு இலகுவான காரியமல்ல என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். மேலைத்தேய வாசகர்கள் குண்டுவீச்சு விமானத்தை விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கப் பழகியவர்கள். இலங்கையின் வடக்கு, கிழக்குத் தமிழர்களோ அதைக் கீழேயிருந்து, பதுங்குகுழியிலிருந்து பார்த்தவர்கள். புக்காராவின் இரைச்சலுக்கும் கிபிரின் இரைச்சலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு பிள்ளைகளும் அறிந்திருந்த காலம் ஒன்று இருந்தது. 'சகடை' என்று ஒரு விமானத்துக்குப் பெயர் வைத்தவர்கள் எமது மக்கள். 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களின் மேல் விமானக் குண்டுகள் வீழ்ந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிட்டு, வானத்து வீரர்களின் புகழை மட்டும் பாட என்னால் முடியாது.

இந்தச் சங்கடம் எமக்கு மாத்திரம் உரியதல்ல. 1943 ஜூலையில் ஹம்பேர்க் நகரில் மூண்ட தீப்புயலில் முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1945 பெப்ரவரியில் ட்றெஸ்டன் நகரில் மாண்டவர்கள் இருபத்தையாயிரம் பேர் வரை என்று ஜேர்மனிய வரலாற்றாசிரியர்களின் ஆணைக்குழு 2010 ஆம் ஆண்டில் முடிவு செய்தது. விடுவிக்கப்பட வேண்டிய நாடான பிரான்சிலேயே நேச நாடுகளின் குண்டுகளால் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகின்றது. மைனார்ஸ்கியின் விமானம் சுமந்து சென்ற குண்டுகளும் ஒரு நகரத்தின் ரயில் நிலையத்துக்கு உரியவையே. ரயில் நிலையத்தைச் சுற்றி மக்கள் வாழ்கிறார்கள்.

இதனால்தான் அந்த நாடுகளிலும் நினைவுகூரல் சர்ச்சையின்றி நடந்ததில்லை. குண்டுவீச்சுக் கட்டளைப் பிரிவின் தளபதியாக இருந்த ஆர்தர் ஹரிஸின் சிலை 1992 மே மாதத்தில் இலண்டனில் திறந்துவைக்கப்பட்டபோது எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அந்தப் பிரிவில் மாண்டவர்களுக்கான நினைவாலயம் இலண்டனில் அமைவதற்கு 2012 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒட்டாவாவிலுள்ள கனேடிய யுத்த அரும்பொருட்காட்சியகத்தில் குண்டுவீச்சின் பயனும் தார்மீகமும் குறித்து எழுதப்பட்டிருந்த ஒரு பலகையின் வாசகங்களை முன்னாள் படைவீரர்கள் கடுமையாக எதிர்த்தனர். விவகாரம் செனற் சபையின் உபகுழு வரை சென்று, 2007 ஆம் ஆண்டில் வாசகங்கள் மாற்றப்பட்டன. ஒரு பலகையில் என்ன எழுதுவது என்பதற்காக முதியவர்கள் போராடியதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை. தமது நண்பர்களின் மரணத்துக்கு என்ன பெயர் சூட்டப்படப் போகின்றது என்பதே அவர்களுடைய கவலை. மறுபுறத்தில், அந்தக் கேள்வியை எழுப்பிய வரலாற்றாசிரியர்களும் தவறிழைத்தவர்கள் அல்லர். தரையில் மாண்டவர்களுக்கும் யாரேனும் பேச வேண்டும் அல்லவா?

நான் வந்தடைந்திருக்கும் முடிவு இதுதான். ஒரு யுத்தத்தின் முறைகளைக் கண்டிப்பதற்காக அதில் சிக்கிய ஒரு மனிதனின் அன்பை மறுக்க வேண்டியதில்லை. ஒரு மனிதனின் அன்பைப் போற்றுவதற்காக அந்த யுத்தத்தின் முறைகளை நியாயப்படுத்தவும் வேண்டியதில்லை. மைனார்ஸ்கிக்கு விருது கிடைத்தது எவரையும் கொன்றதற்காக அல்ல. ஒருவரைக் காப்பாற்ற முயன்றதற்காக. அதிலும் அவர் தோல்வியுற்றார். அவருடைய முயற்சியால் புறொபி பிழைக்கவில்லை. மரமொன்றின் தயவினால் பிழைத்தார். வெற்றியை மாத்திரம் கணக்கிடும் எந்த ஏட்டிலும் அந்த இரவுக்கு இடமில்லை. ஆயினும் அந்தக் கதை நிலைத்திருக்கின்றது.

அது நிலைத்ததற்கு முயற்சி எடுத்தவர்கள் பலர். கனடாவின் ஹமில்ற்றன் நகரிலுள்ள போர் விமானப் பாரம்பரிய அரும்பொருட்காட்சியகம் ஒரு லங்காஸ்டர் விமானத்தைப் பல வருடகால உழைப்பினால் மீண்டும் பறக்கச் செய்து, 1988 ஆம் ஆண்டில் மைனார்ஸ்கியின் நினைவுக்கு அர்ப்பணித்தது. தயாரிக்கப்பட்ட 7,377 லங்காஸ்டர்களில் பறக்கும் நிலையில் எஞ்சியவை உலகிலேயே இரண்டு. அவற்றில் ஒன்று அது. மைனார்ஸ்கி பறந்த விமானத்தைப் போன்றே அதுவும் ஒன்ராறியோவின் மோல்ற்றன் என்ற இடத்திலிருந்த தொழிற்சாலையில் உருவானது. அங்கே 430 லங்காஸ்டர்கள் தயாரிக்கப்பட்டன. அந்த மோல்ற்றன் விமானத்தளமே பின்னர் ரொறன்ரோ பியர்சன் சர்வதேச விமான நிலையமாக வளர்ந்தது. குண்டுவீச்சிலிருந்து தப்பி வந்த எமது மக்களில் ஆயிரக்கணக்கானோர் கனேடிய மண்ணில் முதன்முதலாகக் காலடி வைத்த இடம், ஒரு காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் பிறந்த இடம்.

இங்கிலாந்தில் மைனார்ஸ்கி கடைசியாகப் புறப்பட்ட தளத்தில் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை 2005 ஜூன் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. அதற்காக மக்களிடம் நிதி திரட்டியது டார்லிங்ரனிலிருந்து வெளிவரும் 'நோதேர்ண் எக்கோ' என்ற பிராந்தியப் பத்திரிகை. நவீன பத்திரிகைத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான டபிள்யூ. ரி. ஸ்ரெட் 1870 களில் ஆசிரியராக இருந்த அதே பத்திரிகை. 'மறக்கப்பட்ட வீரன்' என்ற தலைப்பில் அது இயக்கம் நடத்தி, தமது ஊரானோ தமது நாட்டவனோ அல்லாத ஒருவனுக்காக வாசகர்களைக் கூட்டியது. பத்திரிகைகள் தமது பெருமையைத் தாமே குலைத்துக்கொள்ளும் காலத்தில், ஒரு பிராந்தியப் பத்திரிகை செய்த இந்தக் காரியத்தை ஒரு பத்திரிகையாளனாக நான் மகிழ்ச்சியோடு குறித்துவைக்கின்றேன்.

பிரித்தானிய விமானப்படை இன்னொன்றையும் செய்தது. காணாமற்போன தமது வீரர்களைத் தேடுவதற்கென்றே தனியான விசாரணைச் சேவையொன்றை அமைத்து, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜேர்மனி என்று கிராமம் கிராமமாக ஆட்களை அனுப்பியது. மயானங்களின் ஏடுகளைப் புரட்டினார்கள். கிராமத்தவர்களிடம் விசாரித்தார்கள். விமானத்தின் உடைந்த பாகங்களிலிருந்த இலக்கங்களைக் கொண்டு ஆட்களை அடையாளம் கண்டார்கள். காணாமற்போனோர் பட்டியலில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். எல்லோரையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றாலும், பெரும்பான்மையோருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் குடும்பங்களுக்குச் சொல்ல முடிந்தது. தாயொருத்திக்கு மகனின் கல்லறையின் இடத்தையாவது தெரிவிப்பது அரசின் கடமை என்று அவர்கள் கருதினார்கள்.

இலங்கையில் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. 2018 ஆம் ஆண்டில் அதற்கு ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்து பிள்ளைகளைத் தேடிப் போராடத் தொடங்கிய தாய்மாரில் பலர் பதில் எதுவும் கிடைக்காமலே கண்மூடிவிட்டனர். இரண்டு சூழல்களும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். வென்ற அரசு தனது வீரர்களைத் தேடுவதும், ஓர் அரசு தன்மீதே குற்றஞ்சாட்டப்படும் விடயத்தில் தேடுவதும் வெவ்வேறானவை. ஆனால், தேட வேண்டும் என்ற மனம் இருந்தால் மயானத்தின் ஏடும் பேசும், உடைந்த உலோகத் துண்டும் பேசும் என்பதற்கு அந்த விசாரணைச் சேவையே சான்று.

பற் புறொபி 1991 ஆம் ஆண்டில் காலமானார். அதுவரை, ஏறத்தாழ ஐம்பது வருடங்களாக, தாம் கண்டதை அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். எழுத்திலும் விட்டுச் சென்றார். அவர் மௌனமாக இருந்திருந்தால் மெஹாரிகூரில் இருப்பது இளம் வயதில் இறந்த இன்னொரு துப்பாக்கி வீரரின் கல்லறையாக மட்டுமே இருந்திருக்கும்.

எமது யுத்தத்தின் சாட்சிகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கின்றது. எண்பதுகளில் இளைஞர்களாக இருந்தவர்கள் முதுமையை எட்டிவிட்டார்கள். கடைசி மாதங்களைக் கண்டவர்களில் பலர் புலம்பெயர்ந்த நாடுகளின் குளிரில், பிள்ளைகளுக்கும் சொல்லாத நினைவுகளோடு வாழ்கிறார்கள். ஷெல் வீச்சின் நடுவே அயலவரைத் தூக்கிவரத் திரும்பிச் சென்றவர்கள், பதுங்குகுழிக்குள் தன்னிடத்தை இன்னொருவரின் குழந்தைக்குக் கொடுத்தவர்கள், மருந்தில்லாத மருத்துவமனையில் கடைசிவரை நின்றவர்கள் எமது மத்தியிலும் இருந்தார்கள். அவர்களைக் கண்ட கண்கள் இன்னமும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படியொருவர் இருந்தால், அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். பெயரையும் திகதியையும் இடத்தையும் சரியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். இன்னொரு நாள் மீண்டும் கேளுங்கள்.